இரண்டு இயந்திரங்களுக்கு நடுவே

வடக்கு சுவீடனில், உமேயோ நகரைச் சுற்றியுள்ள காடுகளில், மரம் வெட்டும் ஒப்பந்ததாரர் ஒருவரிடம் வேலைத் திட்டமிடுபவனாகச் சில ஆண்டுகள் இருந்தேன். அங்கே ஹார்வெஸ்டர் என்ற இயந்திரம் மரத்தை அடியில் பிடித்து அறுத்துச் சாய்த்து, கிளை கழித்து, அளந்து துண்டு போட்டுவிடும். ஒரு மரத்துக்குப் பெரும்பாலும் ஒரு நிமிடம்கூட ஆகாது. பின்னால் வரும் ஃபார்வர்டர் என்ற இன்னொரு இயந்திரம் அந்தக் கட்டைகளை அள்ளிச் சுமந்து, லாரி வரும் சாலையோரத்தில் ரகவாரியாக அடுக்கும்.

புதிதில், ஹார்வெஸ்டர் மணிக்கு எத்தனை கன மீட்டர் வெட்டியது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த எண்ணை முதலில் தீர்மானிப்பது ஓட்டுநரின் கைத்திறன் அன்று, மரத்தின் பருமன். மெலிந்த மரத்தைப் பிடித்துச் சாய்க்கவும் ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகிறது, கிடைக்கும் மரம்தான் குறைவு. இயந்திரமே ஸ்டான்ஃபோர்டு என்ற நோர்டிக் தரப்படி (பல்கலைக்கழகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை) எல்லாவற்றையும் பதிந்துவிடும். ஆனால் 15 நிமிடத்துக்குக் குறைந்த தடங்கல்களை வேலை நேரத்தோடு சேர்த்தே கணக்கிடுவது அங்கு வழக்கமாதலால், சின்னச் சின்னக் காத்திருப்புகள் என் கண்ணில் படவில்லை.

ஒரு குளிர்காலத்தில், ஒரு சிறிய வெட்டுப்பகுதிக்கு (நம் பக்கத்தில் கூப்பு என்பார்கள்), வாங்குவோர் கேட்டபடியெல்லாம் பைன், ஸ்ப்ரூஸ், பிர்ச் ஆகியவற்றை அறுப்பு மரம், காகிதக் கூழுக்கான கூழ்மரம் என்று பிரித்து ஒன்பது ரகங்கள் எழுதி அனுப்பினேன். ஹார்வெஸ்டர் நான்கு நாள் முந்திப் போய்விட்டது. இடையில் பனி கொட்டி, வெட்டிப்போட்ட கட்டைகளை மூடியது. ஃபார்வர்டர் ஓட்டுநர் கிரேனின் பிடியால் பனிக்கடியில் துழாவித் துழாவி எடுக்க வேண்டியதாயிற்று. ரகம் பிரிப்பதற்காக ஒரே தடத்தில் மறுபடி மறுபடி போய்வந்தார். சாலையோரத்திலோ ஒன்பது அடுக்குகளுக்கு இடமில்லை. நான் போனபோது அவர் எதுவும் பேசாமல் கடைசி அடுக்கைக் காட்டினார். அதில் கிடந்தவை நான்கே நான்கு பிர்ச் கட்டைகள். அதைத் திட்டத்தில் எழுதியவன் நான் என்பது இருவருக்கும் தெரியும்.

பிறகு ரகங்களைக் குறைத்தேன். டிரெய்லரில் இயந்திரங்களை ஏற்றி இறக்கும் செலவு சிறிய கூப்புக்கும் பெரிய கூப்புக்கும் ஒன்றே என்பதால், பக்கத்துப் பக்கத்துக் கூப்புகளைத் தொடர்ச்சியாக வைத்தேன். இறுகிய தரையில் இருப்பவற்றைப் பனி உருகும் காலத்துக்கென ஒதுக்கினேன். எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது, ஓட்டுநர்கள் இருவரையும் ஒரு வாரம் இயந்திரம் மாற்றி உட்காரச் சொன்னதுதான். ஹார்வெஸ்டர்காரர் திரும்பி வந்தபின், யாரும் சொல்லாமலே கட்டைகளை ரகம் ரகமாகத் தடத்தின் ஓரத்தில், நுனி ஒத்துப் போடலானார். அவர் மணிக்கு வெட்டும் அளவு சற்றே குறைந்தது; கூப்போ முன்பைவிடச் சீக்கிரம் முடிந்தது.

அடுத்த பருவத்தில், பனி விழுமுன் ஃபார்வர்டர் ஓட்டுநரை அழைத்துக்கொண்டு கூப்பை நடந்து பார்த்தேன். சதுப்பு எங்கே, எந்த மேட்டில் ஏறலாம் என்று நான் வரைபடத்தை விரித்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. நேராகச் சாலைக்குப் போய், அடுக்கு எங்கே வரும் என்று காலால் அளக்கத் தொடங்கினார்.