ஒரே வினை, ஊருக்கு ஊர் வேறு இறந்தகாலம்

அமெரிக்க ஆங்கிலத்தில் எழுத முயல்கிறவர்கள் முதலில் சறுக்குவது 'கெட்' என்ற வினையில்தான். பிரிட்டனில் கெட், காட், காட் என்று முடிந்துவிடும். அமெரிக்காவிலும் கனடாவிலும் வி3 வடிவம் (ஹேவ், ஹேஸ் ஆகியவற்றோடு வருவது) காட்டென். இதைத் தெரிந்துகொண்டதும் பலர் எல்லா இடத்திலும் 'ஹேவ் காட்' என்பதை 'ஹேவ் காட்டென்' என்று மாற்றிவிடுகிறார்கள். அது தவறு. அமெரிக்கர்கள் பொருள் பார்த்து இரண்டையுமே புழங்குகிறார்கள். ஒன்று நம்மிடம் இருக்கிறது என்றால் காட்; கிடைத்தது, அல்லது ஒரு நிலைக்கு மாறியது என்றால் காட்டென். 'ஐ ஹேவ் காட் டூ பிரதர்ஸ்' என்பதில் காட்டென் வரவே வராது. 'இட் ஹேஸ் காட்டென் கோல்ட்' என்றால் குளிர் ஏறிவிட்டது. இன்னும் நுட்பமான இடம் ஒன்று உண்டு. 'ஐ ஹேவ் காட் டு கோ' என்றால் நான் போயாக வேண்டும். 'ஐ ஹேவ் காட்டென் டு கோ' என்றால் போக எனக்கு வாய்ப்புக் கிடைத்திருக்கிறது.

காட்டெனை அமெரிக்கக் கொச்சை என்று ஒதுக்குவது நியாயமில்லை. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள் தங்களோடு கொண்டுபோன வடிவம் அது. பிறகு அதைப் பெரும்பாலும் கைவிட்டது இங்கிலாந்துதான். ஃபர்காட்டென், இல்-காட்டென் போன்ற சொற்களில் மட்டும் அங்கே அது தங்கியிருக்கிறது.

'டைவ்' கதை இதற்கு நேர்மாறு. அதன் இறந்தகாலம் எங்கும் டைவ்ட் என்றே சீராக இருந்தது. டிரைவ்-டிரோவ் இணையைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்கர்கள் டோவ் என்று ஒன்றைப் புதிதாக உண்டாக்கினார்கள். எழுத்தில் அது புறாவைக் குறிக்கும் சொல்லைப் போலவே இருக்கும், உச்சரிப்பு மட்டும் வேறு. பதுங்கிப் போவதைக் குறிக்கும் 'ஸ்னீக்' வினைக்கு ஸ்னக் என்ற வடிவமும் அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பிறந்ததுதான். வினைகள் காலப்போக்கில் சீராவதுதான் வழக்கம். சீராக இருந்தவை முறைமாறியது அபூர்வம், அதனாலேயே இவ்விரண்டும் எனக்குப் பிடிக்கும். முறையான எழுத்தில் டைவ்ட், ஸ்னீக்ட் இரண்டும் எந்த நாட்டிலும் செல்லும்.

நமக்கு அதிகம் பழக்கமான கூட்டம் லேர்ன், பர்ன், ட்ரீம், ஸ்பெல், ஸ்மெல், ஸ்பாயில், லீன், லீப். பிரிட்டனில் இவற்றின் முடிவில் 'டீ' என்ற ஒற்றை எழுத்தும் வரும், 'ஈடி'யும் வரும், இரண்டும் சரி. அமெரிக்காவில் பெரும்பாலும் 'ஈடி'தான். ஆகவே குழப்பமாக இருந்தால் 'ஈடி' போடுங்கள், இருபுறமும் செல்லும். ஆனால் இந்த விதியை ஸ்லீப், கீப், ஃபீல் ஆகியவற்றுக்கு நீட்டக் கூடாது. அவை எங்குமே டீயில்தான் முடியும். பெயரடையாக வரும்போது அமெரிக்கர்களும் கருகிய ரொட்டியை 'பர்ன்ட் டோஸ்ட்' என்று டீ போட்டு எழுதுவது உண்டு. நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞர் எதிர்த்தரப்பு வழக்கறிஞரைக் குறிக்கும் 'மை லேர்னெட் ஃப்ரெண்ட்' என்பதில் ஈடி கட்டாயம். அங்கே அது இரண்டு அசையாக ஒலிக்கும், டீ போட்டால் பிழை. ட்ரீம், லீன், லீப் மூன்றும் டீ ஏற்கும்போது உயிரொலியும் குறுகும்: ட்ரெம்ட், லென்ட், லெப்ட். எழுத்துக்கூட்டலில் பழைய இரண்டு உயிரெழுத்தும் அப்படியே நிற்பதால் பலர் நீட்டியே வாசிக்கிறார்கள்.

ஸ்காட்லாந்துக்கும் இதில் பங்கு உண்டு. 'ப்ரூவ்' வினைக்கு ப்ரூவன் என்ற வடிவம் அங்கிருந்து பரவியது. 'நாட் ப்ரூவன்' (நிரூபிக்கப்படவில்லை) என்பது அந்நாட்டு நீதிமன்றங்களில் நூற்றாண்டுகளாக வழங்கிய தீர்ப்பு. நீதிமன்றத்தில் வாதிடுவதையும் குற்றத்தை ஒப்புக்கொள்வதையும் மறுப்பதையும் குறிக்கும் 'ப்ளீட்' வினைக்கு ப்ளெட் என்பது ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் புழங்குகிறது. ஆனாலும் செய்தி எழுதுகிறவர்கள் ப்ளீடட் என்பதையே வைத்துக்கொள்வது நல்லது. அமெரிக்கச் செய்தி நிறுவனமான ஏபியின் நடைக் கையேடும் அதையே சொல்கிறது.

'ஃபிட்' வினையில் மட்டும் இப்படி ஒரு பொது வழி கிடைக்காது. சட்டை அளவாக இருந்தது என்பதற்கு அமெரிக்கர் 'த ஷர்ட் ஃபிட் மீ' என்பார், பிரிட்டனில் ஃபிட்டட். தையல்காரர் அளவெடுத்துப் பொருத்தினார் என்றாலோ, ஒரு கருவியைப் பொருத்தினார்கள் என்றாலோ அமெரிக்காவிலும் ஃபிட்டட் வரும்.

எழுத்தில் ஒன்றாகவே இருந்து வாயில் மாறுபவையும் உண்டு. 'ஈட்' வினையின் இறந்தகாலத்தை அமெரிக்கர் ஏட் என்கிறார்கள். பிரிட்டனில் பலர் எட் என்கிறார்கள், அது படிக்காதவர் பேச்சு அல்ல. 'ஷைன்' வினைக்கு பிரிட்டனில் ஷான், அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்கா போனால் ஷோன். காலணியைத் துடைத்துப் பளபளப்பாக்கினால் மட்டும் இரு நாட்டிலும் ஷைன்ட்.