கராஜில் தொங்கிய பச்சைக் கனூ

கனடாவில் ஸ்காபரோவிலிருந்து பீட்டர்பரோவுக்கு வீடு மாறிய முதல் வசந்தத்தில், பக்கத்து வீட்டு அம்மா வேலியோரம் வந்து, கராஜில் ஒரு சாமான் இறக்க வேண்டும், உதவி செய்ய முடியுமா என்று கேட்டார். எண்பது வயது தாண்டியவர். போய்ப் பார்த்தால், கூரை மரங்களில் கயிறு கட்டித் தொங்கியது ஒரு பச்சைக் கனூ, துடுப்பால் ஓட்டுகிற ஒடுங்கிய படகு. பதினாறு அடி. அவருடைய தாத்தாவின் படகு. வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கப் போகிறார். படகைப் பேரனிடம் கொடுக்கிறபோது, அது எங்கே செய்தது, எப்படி வந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க ஆசைப்பட்டார்.

நான் இலங்கையின் வட கரையில், வல்வெட்டித்துறையில் பிறந்தவன். கனடாவுக்கு வந்து பதினேழு வருடங்களில் ஒரு மரப்படகைத் தொட்டது அன்றுதான். இறக்கி வைத்துவிட்டு அங்கேயே குந்திவிட்டேன். உள்ளே நீராவியில் வளைத்த மெல்லிய சீடர் (cedar) மர விலாச் சட்டங்கள். அவற்றின் மேல் விரலளவு தடிப்புக்கூட இல்லாத சீடர் பலகைகள். நூற்றுக்கணக்கான பித்தளை ஆணிகள். படகின் வடிவிலேயே செய்து இரும்புப் பட்டை பதித்த அச்சின் மேல் வைத்து ஆணியை அடிப்பார்கள். முனை இரும்பில் பட்டு வளைந்து திரும்பவும் மரத்துக்குள்ளேயே இறங்கிவிடும். வெளியே இழுத்துக் கட்டிய கான்வாஸ் துணி, அதன் இழைகளை அடைக்கப் பூசிய கலவை, அதற்கு மேல் பெயின்ட். எங்கள் ஊரில் பலகைகளைக் கயிற்றால் பொத்திய தோணிகளும் இருந்தன என்று அப்பு சொல்லுவார். இங்கே தண்ணீரைத் தடுப்பது துணி.

பீட்டர்பரோவில் மரக் கனூ என்றால் இந்த ஊரில் செய்தது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இது கனூ கட்டும் ஊர். பீட்டர்பரோ கனூ கம்பனி 1961இல்தான் மூடியது. 600க்கும் மேற்பட்ட படகுகள் உள்ள கனடிய கனூ அருங்காட்சியகமும் இங்கேதான், 2024இல் ஏரிக்கரையில் புதுக் கட்டடத்தில் திறந்தார்கள். அந்த அம்மாவும் அப்படித்தான் நம்பியிருந்தார்.

அப்புறம், பழைய கனூக்களைத் திருத்துகிற ஒருவர் வந்து பார்த்தார். முன் நுனியில் படகின் அடித்தளத்தோடு சேரும் வளைந்த கட்டையைக் காட்டி, வார்னிஷை மெதுவாகத் துடைக்கச் சொன்னார். பழுப்பு நிறத்துக்கு அடியில் இலக்கங்கள் தெரிந்தன. கடைசியில் தனியாக 16. "இது அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்து ஓல்ட் டவுன் கம்பனிப் படகு" என்றார். அந்தக் கம்பனி ஒவ்வொரு படகுக்கும் இலக்கம் குத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை எழுதி வைத்திருக்கிறது. எந்த மாதிரி, எந்த மரம், எந்த நிறம், கான்வாஸ் எப்போது கட்டியது, யாருக்கு அனுப்பியது, எல்லாம் அதில் இருக்கும். 1979இல் தொடங்கிய மரக் கனூ பாரம்பரியச் சங்கத்தின் ஆட்கள் இலக்கத்தைக் கொடுத்தால் தேடித் தருகிறார்கள்.

இரண்டு நாளில் அட்டையின் படம் வந்தது. யாரோ பென்சிலால் எழுதிய எழுத்து. நிறம்: கரும் பச்சை. அனுப்பிய இடம் மாசசூசெட்ஸில் ஒரு கடலோரச் சிற்றூர். அதை வாசித்ததும் அந்த அம்மா சிறிது நேரம் பேசவில்லை. தாத்தா இளம் வயதில் அங்கே தச்சுவேலை செய்தவராம். கனூவும் அவரோடு எல்லை தாண்டி வந்தது என்று வீட்டில் யாரும் யோசித்ததே இல்லை.

எனக்கு வேறொரு படகு ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி, பாய்க்கப்பல். அமெரிக்கர் ஒருவர் அதை வாங்கிப் பெயர் மாற்ற, எங்கள் ஊர் மாலுமிகள் கடல் கடந்து ஓட்டிப்போய் 1938இல் மாசசூசெட்ஸின் குளோஸ்டரில் சேர்த்தார்கள். வல்வெட்டித்துறைப் பிள்ளைகள் சோறு தின்கிறபோதே கேட்கிற கதை இது. அந்தக் கரைக்குப் போன எங்கள் கப்பலையும், அந்தக் கரையிலிருந்து வந்த இந்தக் கனூவையும் நினைத்து, அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

ஓல்ட் டவுன் இருப்பது பெனோப்ஸ்கொட் ஆற்றங்கரையில். எதிர்த் தீவில் இன்றும் பெனோப்ஸ்கொட் மக்கள் வாழ்கிறார்கள். இந்தக் கனூவின் வடிவம் அவர்களுடைய பூர்ச்ச மரப்பட்டைப் படகிலிருந்து வந்தது. பட்டைக்குப் பதிலாகத் துணி, அவ்வளவுதான். பேரனுக்கான தாளில் இதை முதல் வரியாக எழுதச் சொன்னேன். எழுதினார்.

எங்கள் அப்புவிடம் ஒரு வள்ளம் இருந்தது. ஒற்றை மரத்தில் குடைந்தது, மலையாளக் கரையிலிருந்து வந்த மரம் என்பார். போர்க்காலத்தில் கடலுக்குப் போகத் தடை வந்து, பிறகு ஊரையே விட்டு ஓடியபோது அது கரையிலேயே நின்றுவிட்டது. அதற்கு இலக்கமும் இல்லை, அட்டையும் இல்லை. அதை வடிவாகத் தெரிந்தவர்கள் இப்போது நாலைந்து பேர்தான்.

சனிக்கிழமை என் அம்மாவுக்குப் போன் எடுத்து, அப்புவின் வள்ளத்தின் அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், என்ன நிறம் அடித்திருந்தது என்று கேட்டேன். "நீலம்தானே ராசா, ஏன் இப்ப கேக்கிறாய்?" என்றா. லண்டனில் இருக்கிற மாமா, இல்லை, சிவப்பு, தானே தூரிகை பிடித்தேன் என்கிறார். ஒரு கொப்பி வாங்கி, இரண்டையும் எழுதி, பக்கத்தில் யார் சொன்னது என்றும் போட்டிருக்கிறேன். அடுத்த கிழமை பருத்தித்துறைப் பெரியம்மாவிடம் கேட்க வேண்டும்.