பெயர் கேட்டார்கள், சொல்லவில்லை

“எதிர்ப்பு கிளம்பினால் முன்னால் நிற்கக்கூடிய நாலைந்து பேர் பெயர் கிடைத்தால் முன்கூட்டியே பேசி வைத்துவிடலாம்” என்றார் ஆலை போட இடம் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி. வீடியோ காலில் என் மேலாளரும் இருந்தார். “கிணறு வற்றுகிற வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும்தான் சார்” என்றேன். பெயர் எதுவும் சொல்லவில்லை. பேச்சு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. எனக்கு மட்டும் அது இன்னும் அங்கேயே நிற்கிறது.

கேரளாவில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை பக்கம் ஆலை போட வருபவர்களுக்கு எங்கள் ஆபீஸ் தரும் ஆபத்து மதிப்பீட்டு அறிக்கையில் கலவரம், ஹர்த்தால், உரிமம் ரத்து எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. தண்ணீரைத் தொடும் தொழில் என்றால் அதே பக்கத்தில் இருக்கும் பிளாச்சிமடா கிராமத்தைத் தவிர்த்து எழுத முடியாது. அங்கே 2000-ல் ஓடத் தொடங்கிய கோகோ கோலா ஆலை, 2004 மார்ச்சில் நின்றது. 2002 ஏப்ரலிலிருந்து பந்தல் போட்டு உட்கார்ந்த ஆதிவாசிக் குடும்பங்கள், 2003-ல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்த பெருமாட்டி பஞ்சாயத்து, கோர்ட் வழக்கு, வறட்சி எல்லாம் சேர்ந்து நிறுத்தியது அது. கூட்டம் வந்து அடித்து நொறுக்கி மூடிய ஆலை இல்லை. ஆனால் எங்கள் படிவத்தில் பந்தலும் ‘அரசியல் வன்முறை’ என்ற தலைப்பின் கீழ்தான் வரும். இதை மாற்றச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

முதலீடு போடுகிறவருக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தீ விபத்துக் காப்பீட்டு பாலிசியில் கலவரத்தில் உடைந்த கண்ணாடிக்குப் பணம் கிடைக்கும். வேலை நின்றுபோன நஷ்டத்துக்குக் கிடைக்காது. அரசாங்கம் உத்தரவு போட்டு இடத்தைக் கையகப்படுத்தினாலும் கிடைக்காது. கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகா மழை மறைவுப் பகுதி. ஆழியாறு வழியாகத் தமிழ்நாடு தர வேண்டிய 7.25 டிஎம்சி தண்ணீருக்குக் கோடைதோறும் இழுபறி. அங்கே போர்வெல் போட வருபவரிடம் இதை மறைத்தால் என் வேலைக்கு என்ன அர்த்தம்? அதனால் மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சந்தேகம், அறிக்கைக்காக அந்த ஊரில் நான் பேசிய ஒரு அக்காவைப் பற்றியது. கழுவிக் கவிழ்த்திருந்த அலுமினியக் குண்டாவைத் திருப்பி, உள்ளே படிந்திருந்த வெள்ளை உப்பை நகத்தால் சுரண்டிக் காட்டினார். “இந்தத் தண்ணியில பருப்பு வேகறதுக்குள்ள வெறகு தீந்துபோகுது தம்பி.” பிறகு தானாகவே சொன்னார்: “பையன் தெனமும் கோயமுத்தூருக்கு பஸ்ஸுல போயிட்டு வர்றான். இங்கயே கம்பெனி வந்தா சந்தோசந்தான். ஆனா போர் போட்டு உறிஞ்சுனாங்கன்னா, மறுபடியும் பந்தலப் போட்டு உக்காந்துக்குவோம்.”

பந்தலுக்குப் படிவத்தில் இடம் இருந்தது. பையனுக்கு இல்லை. குறிப்பில் ‘வேலைவாய்ப்புக்கு வரவேற்பு உண்டு’ என்று ஒரு வரி எழுதினேன். கூட்டத்தில் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பெயரைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ‘பேசி வைப்பது’ என்றால் என்ன என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். சில இடங்களில் கோயிலுக்கு நன்கொடை, சில இடங்களில் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு பட்டியல். வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துப் பேசிய பெண்ணின் பெயர் பட்டியலில் ஏறக் கூடாது. இப்படிச் சொல்லும்போது நான் செய்தது சரி என்றே படுகிறது.

ஆனால் அந்த அதிகாரி உண்மையிலேயே பேச நினைத்திருந்தால்? நேரில் போயிருந்தால், போர் வேண்டாம், மழைநீர்க் குளம் வெட்டுங்கள், பையனுக்கு வேலை கொடுங்கள் என்று அக்கா அவரிடமே கேட்டிருப்பார். என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து அவர் பேச்சையே அடைத்துவிட்டேனா? கம்பெனி கடைசியில் அங்கே வரவில்லை. நிலத்தின் விலையா, என் மதிப்பெண்ணா, காரணம் எங்களுக்குச் சொல்லப்படவில்லை. பையன் இன்னும் வேலந்தாவளம் வழியாகத்தான் பஸ்ஸில் போகிறான்.

இப்போதெல்லாம் பேச ஆரம்பிக்கும் முன்பே, “உங்கள் பெயரைக் கம்பெனியிடம் சொல்லலாமா?” என்று கேட்டுவிடுகிறேன். கேட்டதும் பலர் நாற்காலியை இழுத்துப்போட்டு, தாலுகா ஆபீஸில் மனு கொடுப்பதுபோல் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். குண்டாவை யாரும் எடுத்துக் காட்டுவதில்லை. அப்படியும் கேட்காமல் இருக்க மனம் வரவில்லை.