ஓம்துர்மானில் திரும்பிய அணி

சிப்பாயாகச் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. நாயக் (சிப்பாய்க்கு மேலே உள்ள சிறு பதவி) ஆனதும் இரண்டு வருடம் ரிக்ரூட்களுக்கு டிரில் சொல்லிக் கொடுத்தேன். அப்புறம் தேர்வெழுதி, டேராடூன் ராணுவ கேடட் கல்லூரியில் படித்து அதிகாரியானேன். அந்த டிரில் மைதானம்தான், என்னைப் போலவே சிப்பாயாகச் சேர்ந்து அதிகாரியான பிரிட்டிஷ் படைவீரர் ஹெக்டர் மெக்டொனால்டை எனக்குப் புரியவைத்தது.

ஸ்காட்லாந்தில் டிங்வால் பக்கத்துக் கிராமத்தில் 1853இல் பிறந்தவர். துணிக்கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தவர், 1870இல் கார்டன் ஹைலேண்டர்ஸ் படைப்பிரிவில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். பிரிட்டிஷ் காலாட்படையில் அதிகாரிப் பதவியைக் காசு கொடுத்து வாங்கும் வழக்கம் 1871இல்தான் ஒழிந்தது. அதற்குப் பிறகும் மெஸ் (அதிகாரிகள் கூடிச் சாப்பிடும் இடம்) செலவைத் தாங்க வீட்டில் பணம் இருக்க வேண்டும். இவரிடம் அது இல்லை. ஆப்கானிஸ்தான் போரில் கலர் சார்ஜென்டாக (அதிகாரி அல்லாத மூத்த பதவி) இருந்தபோது, அங்கே பிரிட்டிஷ் படையை நடத்திய ஜெனரல் ராபர்ட்ஸின் கவனத்துக்கு வந்தார். 1880 ஜனவரியில் கமிஷன், அதாவது அதிகாரிப் பதவி, கிடைத்தது. மறு வருடம் தென்னாப்பிரிக்காவின் மஜூபா மலையில் போயர்களிடம் (அங்கே குடியேறிய டச்சு வம்சாவளியினர்) கைதி.

1888 முதல் எகிப்தியப் படையில் சூடானியப் பட்டாலியன் ஒன்றைப் பழக்கினார். அந்தப் பயிற்சியின் பலன் 1898 செப்டம்பர் 2 அன்று தெரிந்தது. பிரிட்டிஷ்-எகிப்தியப் படையின் மற்ற பிரிகேடுகள் (பல பட்டாலியன்கள் சேர்ந்த பிரிவுகள்) சூடானின் ஓம்துர்மான் நகரை நோக்கி நகர்ந்துவிட, ஏறக்குறைய 3,000 பேரோடு இவர் பிரிகேடு தனித்து நின்றது. மேற்கிலிருந்து, அப்போது சூடானை ஆண்ட கலீஃபாவின் கறுப்புக்கொடிப் படை. அதை முறியடிக்கும்போதே வடக்கே கெரேரி குன்றுகளிலிருந்து இன்னொரு பெரும்படை. மேற்கு பார்த்து நின்ற வரிசையை, சுட்டுக்கொண்டே, ஒவ்வொரு பட்டாலியனாக வடக்கே திருப்பினார்.

இதை எழுதுவது சுலபம். வெறும் மைதானத்தில், யாரும் சுடாதபோது, முப்பது பேரை வரிசை கலையாமல் திருப்ப எனக்கு வாரக்கணக்கில் ஆகும். உள்முனையில் இருப்பவன் நின்ற இடத்திலேயே அடியெடுக்க வேண்டும், வெளிமுனைக்காரன் ஓட வேண்டும், நடுவில் இருப்பவனுக்குக் குழப்பம் வரும். எவன் எந்த இடத்தில் தடுமாறுவான் என்பது வரிசையில் நின்றவனுக்குத்தான் தெரியும். மெக்டொனால்டு பத்து வருடம் நின்றவர். சண்டை முடிந்தபோது அவருடைய ஆட்களிடம் சராசரியாக ஆளுக்கு இரண்டு தோட்டாக்களே மிச்சம்.

எதிர்ப்பக்கத்தில் அன்று செத்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். தங்கள் மண்ணில் நின்றவர்கள். அந்தத் தொழில்திறமையை மெச்சும்போதெல்லாம் இந்த எண்ணிக்கை என் தொண்டையில் நிற்கிறது.

இன்னொன்றும் உறுத்துகிறது. ராபர்ட்ஸின் ஆப்கான் படையில் சீக்கியரும் கூர்க்காக்களும் இருந்தார்கள். முப்பது வருடம் உழைத்து, இந்தியருக்கு எட்டிய உச்சப் பதவியான சுபேதார் மேஜரானாலும், நேற்று வந்த வெள்ளைக்கார லெப்டினன்டுக்குக் கீழேதான் அவர்கள். இந்தியச் சிப்பாய்ப் படைகளில் இந்தியருக்கு முழு கிங்ஸ் கமிஷன் (வெள்ளைக்கார அதிகாரிகளுக்குச் சமமான பதவி) 1917இல்தான் வந்தது.

எனக்குக் கமிஷன் கிடைத்த முதல் மாதம், மெஸ்ஸில் எனக்குப் பரிமாறியவன் ரிக்ரூட் காலத்தில் பக்கத்துக் கட்டிலில் படுத்தவன். "சார்" என்றான். எழுந்து அவன் கையைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது, பிடிக்கவில்லை. மேசையில் இருந்தவர்களோடு பேசவும் எனக்கு வார்த்தை வரவில்லை. அன்றைக்கு மெக்டொனால்டின் தனிமை கொஞ்சம் புரிந்தது.

சர் பட்டம் பெற்று, 1902இல் இலங்கையின் படைத்தலைவராகப் போனார். அங்கே அவர்மேல் பாலியல் குற்றச்சாட்டு எழுந்தது. ராணுவ விசாரணையை எதிர்கொள்ள வேண்டிய நேரத்தில், 1903 மார்ச் 25 அன்று பாரிஸ் ஓட்டல் அறையில் தன்னைச் சுட்டுக்கொண்டார். 1884இலேயே ரகசியமாகக் கல்யாணம் செய்திருந்தார். அவருக்கு ஒரு மனைவியும் மகனும் இருப்பது ஊருக்குத் தெரிந்தது அவர் இறந்த பிறகுதான்.