கிளைகள் தொடும் தூரம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் சாம்பல் நிற அணில்களுக்காக 1988-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2021-இல் மேகமலையுடன் சேர்த்துப் புலிகள் காப்பகமாக்கப்பட்ட காட்டில், கணக்கெடுப்புப் பணியாளராகச் சேர்ந்தபோது எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை கூடுகளை எண்ணுவது. சுள்ளிகளையும் இலைகளையும் சேர்த்து மர உச்சியில் பந்துபோல் கட்டப்பட்ட ஒவ்வொரு கூட்டையும் ஓர் அணிலாகவே முதல் வாரங்களில் குறித்துக்கொண்டேன். உடன் வந்த பளியர் இனக் காவலர்தான் என்னை நிறுத்தினார். "இது பழைய கூடு தம்பி, இலையெல்லாம் காஞ்சு கெடக்கு. புதுசு அந்தப் புளியமரத்துல இருக்கும் பாருங்க" என்றார், இருந்தது. ஒரே அணில் பல கூடுகளைக் கட்டிக்கொள்ளும் என்பதைப் படித்திருந்தும் நான் பொருட்படுத்தவில்லை. அதுவரை எழுதிய பக்கங்களை அடித்துவிட்டு மீண்டும் தொடங்கினேன்.

அதன்பின் கூட்டைவிட, கூடிருந்த மரத்தின் கிளைகள் அண்டை மரங்களை எத்தனை பக்கம் தொடுகின்றன என்பதையே அதிகம் கவனித்தேன். உடலளவுக்கு நீண்ட வாலைச் சமநிலைக்குப் பயன்படுத்திக் கிளைக்குக் கிளை தாவும் இவ்வணில் தரைக்கு வருவது அரிது. உணவு, உறக்கம், இரைகொல்லிப் பறவையிடமிருந்து தப்பிக்கும் வழி எல்லாமே அதற்கு மேலேதான். எனவே காட்டின் பரப்பு வரைபடத்தில் குறையாமலே அதன் வாழிடம் குறைந்துவிடக்கூடும். ஓடையோர மருத மரம் ஒன்று சாய்ந்தாலே இரு கரைகளுக்கும் இடையிலிருந்த வழி போய்விடுகிறது.

செண்பகத்தோப்புப் பக்கம் மலையடிவார மாந்தோப்புகளிலும் இவை கூடு கட்டுகின்றன. காய்களைக் கடித்துப் போடுவதால் நட்டம் எனத் தோப்புக்காரர் ஒருவர் வருந்தினார். குத்தகைக் கணக்கை அவர் காட்டியபோது எனக்கும் அது நியாயமாகவே பட்டது. காட்டோரக் கிளைகளை அவர் வெட்டியிருந்தார். மறுநாள் காலை, வெட்டுப்பட்ட கிளையின் நுனிவரை வந்த ஓர் அணில், எதிர்மரத்தை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டுத் திரும்பிச் சென்றது. கீழே தோப்பு நாய்கள் கிடந்தன.

உலகில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும், அச்சுறுத்தலை நெருங்கிய இனமாகப் பட்டியலிடப்பட்ட ஓர் உயிருக்கு அந்த இடைவெளி என்னவாக இருந்திருக்கும் என்பதைக் கூடுகளின் எண்ணிக்கை சொல்லாது. அன்று முதல் எனது பதிவேட்டில், கிளைகள் விலகி நிற்கும் தூரத்துக்கெனத் தனியாக ஒரு பத்தி வரைந்து, அந்தத் தோப்பையே முதல் வரியாக எழுதினேன்.