வெள்ளி ரதத்துக்கு நிறம் திருத்துகிறேன்

தைப்பூசத்துக்கு முந்தின நாள் மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுனில் எடுத்த முருகனின் வெள்ளி ரதக் காட்சிகளை டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் போட்டு நிறம் திருத்திக்கொண்டிருக்கிறேன். வெட்டி ஒட்டும் வேலை முடிந்தது. ஒளியும் நிறமும்தான் பாக்கி.

ரதம் பினாங்கு ஸ்ட்ரீட்டில் இருந்து விடியுமுன் கிளம்பினால் தண்ணீர்மலை நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்குப் போய்ச் சேர ஒரு பகல் முழுதும் ஆகும். இங்கே தைப்பூசம் வரும் மாதங்களில் சூரியன் ஏழரையை ஒட்டித்தான் எழும். அதனால் முதல் காட்சிகள் மஞ்சள் தெருவிளக்கில், அடுத்தவை நீலம் படிந்த விடியலில், அப்புறம் உச்சி வெயில், கடைசியில் தண்ணீர்ப் பந்தல்களின் ஊதா எல்.இ.டி. விளக்கு. இவை அடுத்தடுத்து வரும்போது நாலு வெவ்வேறு ஊர்வலம் பார்ப்பதுபோல் ஆகிவிடுகிறது.

ஒளியை முதலில், நிறத்தைப் பிறகு. இந்த வரிசையை நான் மாற்றுவதில்லை. ரிசால்வில் காண்ட்ராஸ்ட்டை, அதாவது இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாட்டை, கூட்டினாலே நிறங்களும் அடர்ந்துவிடும். நிறத்தை முதலில் சரிசெய்து வைத்தால் அந்த உழைப்பு வீண். ரிசால்வில் திருத்தத்தின் ஒவ்வொரு படியும் ஒரு நோட். முதல் நோடில் லிஃப்ட், காமா, கெயின் மூன்றையும், சிவப்பு, பச்சை, நீல அளவுகளைத் தனித்தனியாகக் காட்டும் பரேட் ஸ்கோப் வரைபடத்தைப் பார்த்தபடி நகர்த்துகிறேன். லிஃப்ட் இருட்டான பகுதிகளுக்கு, காமா நடுவில் உள்ளவற்றுக்கு, கெயின் வெளிச்சத்துக்கு. ஸ்கோப்பில் அளவு முழுக் கறுப்புக்கு 0, முழு வெளிச்சத்துக்கு 1023. கறுப்பு அடியில் நசுங்காமலும் வெளிச்சம் மேலே முட்டாமலும் இருந்தால் சரி. வெயிலில் ரதத்தின் உச்சி சில இடங்களில் 1023இல் போய் ஒட்டிக்கொண்டது. அங்கே கெயினைக் குறைத்தால் சாம்பல் நிறம்தான் வருகிறது, வேலைப்பாடு திரும்புவதில்லை. அதை அப்படியே பளபளக்க விட்டுவிட்டேன்.

இரண்டாவது நோடில் ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளையை வெள்ளையாகவே தெரிய வைக்கும் திருத்தம். வெள்ளி ரதத்தை நம்பி இதைச் செய்ய முடியாது. வெள்ளி தன்னைச் சுற்றி இருக்கும் நிறத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும்: ஒரு பக்கம் வானம், மறுபக்கம் மாலை. ரதத்தோடு நடக்கும் நகரத்தாரின் வெள்ளை வேட்டிதான் எனக்கு அளவுகோல். பரேடில் வேட்டி தெரியும் இடத்தில் சிவப்பும் பச்சையும் நீலமும் ஒரே உயரத்துக்கு வரும்வரை டெம்பரேச்சரையும் (நீலம்-மஞ்சள்) டின்ட்டையும் (பச்சை-மெஜந்தா) நகர்த்துகிறேன். விடியல் காட்சிகள் இப்படி அழகாக வழிக்கு வந்தன. சோடியம் தெருவிளக்கின் கீழ் எடுத்தவை வரவில்லை, வரவும் வராது. அந்த விளக்கு ஏறக்குறைய ஒரே மஞ்சளைத்தான் உமிழ்கிறது. படத்தில் நீலமே பதியாதபோது நீலத்தை ஏற்றினால் புள்ளிப்புள்ளியாக இரைச்சல்தான் மிஞ்சும். மஞ்சளைக் கொஞ்சம் மட்டும் தணித்து, இரவு இரவாகவே தெரியட்டும் என்று விட்டேன்.

இனி முகங்கள். இந்த வேலையில் நான் விட்டுக்கொடுக்காத இடம் இதுதான். இணையத்தில் கிடைக்கும் பயிற்சிகள் பலவும் முகத்தை, வெளிச்ச அளவைக் காட்டும் வேவ்ஃபார்ம் வரைபடத்தில் 70 சதவீதம் வரை ஏற்றச் சொல்கின்றன. அது வெளிர்த் தோலுக்கான கணக்கு. என் காட்சிகளில் வரும் அப்பாவின் முகத்தை அவ்வளவு ஏற்றினால் நெற்றித் திருநீறு தோலோடு கரைந்துவிடுகிறது, முகத்தில் சாம்பல் பூத்துவிடுகிறது. நிறத்தின் சாயலையும் செறிவையும் காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் தோல் நிறத்துக்கென்று ஒரு கோடு உண்டு. கறுப்போ சிவப்போ மாநிறமோ, மனிதத் தோல் பெரும்பாலும் அந்தக் கோட்டை ஒட்டியே விழும். வித்தியாசமெல்லாம் வெளிச்ச அளவிலும் செறிவிலும்தான். ஆகவே சாயலைக் கோட்டுக்குக் கொண்டுவந்தேன், வெளிச்சத்தை 40 சதவீதத்தை ஒட்டி நிறுத்தினேன். திருநீறு எடுப்பாகத் தெரிகிறது, தோலில் வியர்வையின் மினுமினுப்பும் தெரிகிறது. வீட்டு டிவியில் போட்டுக் காட்டியபோது அத்தை, “இப்பதான்டா எங்க அண்ணன் முகம் மாதிரி இருக்கு” என்றார். நம் ஆட்களை வெளுக்க வைத்துக் காட்டும் ஃபில்டர்களை நான் தொடவே மாட்டேன்.

பந்தல் காட்சி இன்னும் முடியவில்லை. அர்ச்சனைத் தட்டோடு நிற்கும் அப்பாவின் முகத்தில் பாதி ஊதா. முகத்தைச் சுற்றி ஒரு பவர் விண்டோ (திருத்தம் உள்ளே மட்டும் விழும் வட்டம்) போட்டு, அது முகத்தோடு நகர டிராக்கரை ஓடவிட்டு, உள்ளே மட்டும் ஊதாவின் செறிவைக் குறைத்தேன். யாராவது குறுக்கே நடந்தால் டிராக்கர் அவர் பின்னால் போய்விடுகிறது. அந்த ஃப்ரேம்களில் விண்டோவைக் கையாலேயே நகர்த்த வேண்டியிருக்கிறது. முடிந்த ஒரு காட்சியை ஸ்டில்லாகப் பிடித்து வைத்து, பாதித் திரையில் ஒப்பிட்டுக்கொண்டே மற்றவற்றையும் அதன் பக்கம் கொண்டுவருகிறேன். இரைச்சல் நீக்கும் வசதி காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்பில்தான் உண்டு என்பதால் இருட்டுக் காட்சிகளில் கொஞ்சம் பொரிப்பொரியாகத்தான் இருக்கும்.

அடுத்த தைப்பூசத்துக்கு ஹேண்ட்போனில் ஒயிட் பேலன்ஸைப் பூட்டிவிட்டுத்தான் எடுக்கப்போகிறேன். தானியங்கியில் விட்டால் ஒரே ஷாட்டுக்குள் நிறம் நகர்கிறது, பிறகு நேரத்துக்கு நேரம் அளவை மாற்றும் கீஃப்ரேம்களைப் போட்டுத் துரத்த வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் 1/50, வினாடிக்கு 25 ஃப்ரேம். பந்தல் விளக்குகளின் துடிப்பு பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும்.