அப்பாவின் கண்ணாடிப்புரையும் மேற்குச் சுவரும்

அப்பா 2012-இல் கட்டிய கண்ணாடிப்புரையை இந்தப் பொங்கல் கழிந்ததும் கழற்றிவிட்டோம். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையும் ஐப்பசி மழையும் இரண்டும் பெய்கிற குமரி மாவட்டம் எங்களுடையது. தை, மாசியை விட்டால் சுவர் வேலைக்கு வேறு மாதம் கிடைக்காது.

அக்கா இங்கிலாந்தில் இருக்கிறாள். 2011-இல் அப்பா அங்கே போய் ஒரு கோடை முழுக்கத் தங்கினார். அவள் வீட்டின் பின்பக்கம், சமையலறையை ஒட்டி ஒரு கண்ணாடி அறை உண்டு. கன்சர்வேட்டரி என்பார்கள். அந்தக் குளிரில் எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் காப்பாற்றப் பணக்காரர்கள் கட்டிக்கொண்டது, பிற்பாடு சாதாரண வீடுகளுக்கும் வந்துவிட்டது. தினமும் காலையில் அதற்குள் உட்கார்ந்து காப்பி குடித்த அப்பாவுக்கு அது மனசில் ஒட்டிக்கொண்டது. தக்கலைக்குத் திரும்பி வந்த மறு வருடமே எங்கள் ஓட்டு வீட்டின் மேற்குப் பக்கத்தில் அலுமினியச் சட்டம், டஃபண்ட் என்கிற கடினமாக்கிய கண்ணாடி, மேலே வெளிச்சம் விடும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் ஷீட் எல்லாம் ஏறிவிட்டன. மேற்குப் பக்கம்! மத்தியானத்துக்கு மேல் வெயில் முழுவதும் அங்கேதான்.

அப்பா ஓய்வு பெற்ற புவியியல் வாத்தியார் என்பதுதான் இதில் வேடிக்கை. நாம் இருப்பது எட்டு டிகிரி வடக்கு, ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும் என்று கரும்பலகையில் வட்டம் போட்டு எனக்கே சொல்லிக்கொடுத்தவர். கண்ணாடி வெயிலை உள்ளே விடும், உள்ளே சூடேறிய தரையிலிருந்து கிளம்பும் வெப்பத்தை வெளியே விடாது என்பதும் அவர் நடத்திய பாடம்தான். கேட்டால், “அது பாடம் மக்களே, இது வீடு” என்பார்.

முதல் கோடையிலேயே அவர் ஆசையாக வாங்கிவைத்த ஆந்தூரியம் எல்லாம் கருகிப்போயின. அதற்கப்புறம் அங்கே யாரும் உட்காரவில்லை. அம்மாவுக்கு மட்டும் அது பிடித்துப்போனது. நல்லமிளகு காயப்போட அதைவிட நல்ல இடம் ஊரில் கிடையாது. மழைக்காலத்தில் ரப்பர் ஷீட்டும் அங்கே தொங்க ஆரம்பித்தது. ரப்பர் ஷீட் வாடை தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் அடித்தபோது கூரை ஷீட் இரண்டு பறந்து பக்கத்து வாழைத்தோட்டத்தில் கிடந்தன. வாழையே மிச்சமில்லாமல் சரிந்த நாள் என்பதால் ஷீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. பிறகு வந்து பொருத்தியவர்கள் காற்றுக்குப் பயந்து சுவரில் இன்னும் நாலைந்து இடத்தில் போல்ட்டை இறக்கிவிட்டுப் போனார்கள்.

வெக்கையை எப்படியோ சகித்துக்கொண்டோம், சுவரைச் சகிக்க முடியவில்லை. அந்தச் சுவரின் உட்பக்கம் எங்கள் அறைப்புரை. மூன்று வருடமாக அங்கே ஓதம் ஏறி, இடுப்பு உயரத்துக்குப் பூச்சு பொரிந்து, காலையில் பெருக்கினால் முறம் நிறைய வெள்ளைப் பொடி. அலமாரியில் இருந்த அப்பாவின் அட்லஸ்கள்கூடப் பூசணம் பிடித்துவிட்டன.

முதலில் வந்த கான்ட்ராக்டர் பொரிந்ததைச் சுரண்டி, சிமெண்டு பூசி, மேலே வாட்டர்புரூஃப் பெயின்ட் அடித்துத் தந்துவிடுவேன் என்றார். கண்ணாடிப்புரையைத் தொடவே வேண்டாமாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. இது தாத்தா கட்டிய வீடு. தக்கலை திருவிதாங்கூரில் இருந்த காலம். வெட்டுக்கல்லை, அதாவது செம்புரைக்கல்லை, மண் குழைத்து அடுக்கி, மேலே சுண்ணாம்பு பூசியிருக்கிறார்கள். ஈரம் உள்ளே வந்தாலும் அந்தப் பூச்சு வழியாகவே வெளியேறிவிடும். மேலே சிமெண்டைப் பூசினால் ஈரத்துக்குப் போக வழி இருக்காது. தண்ணீரோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னாலேயே பூத்து, கல்லையும் சேர்த்துத் தள்ளும். புது சிமெண்டு பாளம் பாளமாக விழும்போது கல்லின் முகமும் கூடவே வந்துவிடும். இந்தப் பக்கம் எத்தனை பழைய வீடுகளில் அப்படிப் பார்த்திருக்கிறேன்.

விசாரித்து வயசான ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தோம். கோயில் மதில் வேலையெல்லாம் பார்த்தவர். சுவரைத் தட்டிப் பார்த்தார், மேலே பார்த்தார், கீழே பார்த்தார். “சாரே, இந்தச் சுவருக்குச் சீக்கு ஒண்ணும் இல்ல. மேல குடையப் புடுங்கிட்டு, காலத் தண்ணியில வெச்சா யாருக்குத்தான் நல்லாருக்கும், கேட்டியளா?”

குடை என்று அவர் சொன்னது இறவாரத்தை. எங்கள் ஓட்டுக் கூரை சுவரைத் தாண்டி இரண்டரை அடி நீண்டிருந்தது. பாலிகார்பனேட்டைச் சொருகுவதற்காகக் ஓட்டைத் தாங்கும் சரிவு மரங்களான கழுக்கோல்களைச் சுவரோடு ஒட்ட அறுத்துவிட்டிருந்தார்கள். ஷீட்டும் சுவரும் சேரும் இடத்தில் சுவரில் நீளமாக ஒரு வெட்டு வெட்டி, தகட்டை உள்ளே விட்டு, சிலிக்கோன் பசை அடைத்திருந்தார்கள். வெயிலில் சிலிக்கோன் சுருங்கி விலகியதும் கூரைத் தண்ணீர் முழுவதும் அந்த வெட்டுக்குள் இறங்கியிருக்கிறது. கால் சங்கதி அதைவிட மோசம். வீட்டுக்கு அடியில் இரண்டடி உயரத்துக்குக் கருங்கல். வெட்டுக்கல் மண்ணைத் தொடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. கண்ணாடிப்புரைக்குத் தரை போட்டவர்கள் வீட்டுத் தரைக்குச் சமமாக வர வேண்டும் என்று மண் நிரப்பி, கான்கிரீட் போட்டு, டைல்ஸ் ஒட்டி, கருங்கல்லை மொத்தமாக மூடிவிட்டிருந்தார்கள். கான்கிரீட்டை உடைத்தபோது அடியில் இருந்த மண் மாசி வெயிலிலும் சொதசொதவென்று இருந்தது.

கழற்றும் வேலை பெரிதில்லை. பாலிகார்பனேட் ஷீட்டின் குழல்களுக்குள் பாசி படர்ந்து, நடுவில் எறும்புகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. அலுமினியத்தை பழைய சாமான் வாங்கும் ஆக்கர் கடைக்காரர் வண்டியோடு வந்து எடுத்துப்போனார். டஃபண்ட் கண்ணாடியை வெட்ட முடியாது. கட்டர் வைத்தால் முழுதும் மணி மணியாக உதிர்ந்துவிடும், அதனால் அளவு ஒத்துவந்தால் மட்டுமே யாருக்கும் பயன்படும். ஒன்றை அப்பா தன் மேசைமேல் போட்டுக்கொண்டார். மற்றவை இன்னும் மாட்டுத்தொழுவத்தில் சாய்ந்து நிற்கின்றன. வேண்டுபவர்கள் சொல்லுங்கள்.

கூரையை முதலில் முடித்தால்தான் சுவரில் கை வைப்பேன் என்று கொத்தனார் சொல்லிவிட்டார். ஆசாரி அயனித் தடியில் துண்டு வெட்டி, பழைய கழுக்கோலின் நுனியைச் சரிவாகச் சீவி, ஒன்றோடொன்று ஒட்டு வைத்து ஆணி முடுக்கினார். ஓடு பழைய வீடு இடித்த இடத்தில் கிடைத்தது. அப்புறம் சுவரைச் சும்மா விட்டோம். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுப்பது மட்டும்தான். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளேயே போய்விடும். கண்ணாடிப்புரைக்குப் போக சன்னலை இடித்து வாசலாக்கிய இடத்தை மறுபடி சன்னல் உயரம்வரை வெட்டுக்கல் வைத்து அடைத்தார்கள். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை, புதுக்கல் பழைய கல்லுக்குள் புகுந்து கோர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பிற்காலத்தில் வாசல் அளவுக்கே விரிசல் காட்டும்.

பூச்சுக்கு நீற்றி ஊறவைத்த சிப்பிச் சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று. கடுக்காயும் கருப்பட்டியும் போட்டு ஊறிய தண்ணீரில் குழைத்தார்கள். கடையில் வாங்கிய கருப்பட்டியை உடைத்து நாக்கில் வைத்துப் பார்த்த கொத்தனார், சீனிப்பாகு கலந்தது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு பனையேறும் குடும்பம் ஒன்றிடம் சொல்லி வாங்கினோம். “செவுத்துக்கு ஒரிஜினல், நமக்குக் காப்பிக்கு டூப்ளிகேட்டு” என்று அம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

சுண்ணாம்பு சிமெண்டு மாதிரி மறுநாளே இறுகாது. காற்றில் உள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத்தான் கல்லாகும், அதற்கு ஈரமும் வேண்டும். மேற்கு வெயில் படாமல் பின்னிய தென்னோலையைத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தோம். ஒவ்வொரு பூச்சுக்கும் இதே பாடு. அப்பா அயனி மரத்தடியில் நாற்காலி போட்டு மேற்பார்வை. கடைசியில் நீலம் கலந்த வெள்ளை இரண்டு கை அடித்தாயிற்று. வாசலை அடைத்த இடம் மட்டும் உற்றுப் பார்த்தால் கொஞ்சம் பளிச்சென்று தெரிகிறது. எனக்கு அது உறுத்தவில்லை. உட்பக்கத்தை இப்போதைக்குப் பூசவில்லை, இந்த மழை கழியட்டும் என்று விட்டிருக்கிறோம்.

அக்காவிடம் படம் அனுப்பினேன். அவளும் கன்சர்வேட்டரியின் கூரையை மாற்றிவிட்டாளாம், கோடையில் வெந்து குளிரில் விறைத்தது போதும் என்று.

அம்மாவின் நல்லமிளகுக்கு இப்போது இடமில்லை. மிச்சமிருக்கும் பாலிகார்பனேட்டில் சின்னதாக ஓர் உலர்த்தும் கூண்டு செய்ய அப்பா படம் போட்டிருக்கிறார். தெற்கே பார்த்து எட்டு டிகிரி சாய்வு, மழைத் தண்ணீர் வழிய இன்னும் கொஞ்சம் கூட. எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், சுவரைத் தொடக்கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.